ஒன்று புள்ளி மூன்று ஒன்று

ஜனவரி 2, வெள்ளி

இந்த நாட்குறிப்பில் இனி வரப்போகிற கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. ஆய்வகத் தராசுப் பெட்டியின் மேல் இடது கையையும், அல்சர் பிடித்த என் வயிற்றின் மேல் வலது கையையும் வைத்து இதைச் சத்தியமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். நம்புகிறவர் யாராவது இருந்தால் அவரை நேரில் பார்க்க எனக்கு ஆசை.

எழுதுகிறவன் யார் என்று வருங்காலத்துக்குத் தெரிய வேண்டும். பெயர் குற்றாலிங்கம். வயது ஐம்பத்து மூன்று. தென்காசிப் பக்கம் ஒரு மேல்நிலைப்பள்ளியில் இருபத்தாறு வருடமாக வேதியியல் ஆய்வக உதவியாளர். உதவியாளர் என்பது சம்பளப் பட்டியலில் போட்ட பெயர். உண்மையில், சுவரில் தொங்கும் அட்டவணையின் நூற்றுப் பதினெட்டுத் தனிமங்களும் எனக்குப் பயந்துதான் அதனதன் கட்டத்தில் அடங்கி உட்கார்ந்திருக்கின்றன. இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு சோடியம் துண்டு தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, சன்னல் வழியாகப் பாய்ந்து, செங்கோட்டை ரயிலை முந்திக்கொண்டு ஓடியது. துரத்திப் போய் ஆரியங்காவில் மடக்கி, மண்ணெண்ணெய்க்குள் அமுக்கிக் கொண்டுவந்தவன் நான். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

பின்னால் நின்று இதைப் படித்த என் மனைவி பேச்சியம்மாள், "நோட்டுலயுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஜனவரி 10, சனி

கழுவிய சோதனைக் குழாய்கள் எண்பத்து நான்கு. உடைந்தவை இரண்டு. தொட்டி அடைப்பு எடுத்தேன்.

எத்தனால் பாட்டில் தீர்ந்தது. இருப்புப் பதிவேட்டில் "ஆவியாதல், 150 மி.லி." என்று எழுதினேன். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஊர் வெயிலுக்கு எத்தனால் ஆவியாகும். மாதா மாதம் சரியாக நூற்றைம்பது மில்லி. அடைமழைக் காலத்திலும் அதே நூற்றைம்பது. உலக விஞ்ஞானிகள் இன்னும் இந்தப் பக்கம் வந்து பார்க்கவில்லை என்பது அவர்கள் குறை.

ஆவியானது எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால், என் சாப்பாட்டுப் பையில் ஒரு காலி சீரக சோடா பாட்டில் உண்டு என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. எனக்கு அல்சர். மோந்து பார்ப்பதோடு சரி. பேச்சியின் தம்பி இசக்கியப்பன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் கதைகளை முதலிலிருந்து கடைசி வரை எழுந்து போகாமல் கேட்கிற ஒரே மனிதன். அப்படிப்பட்ட காதுக்கு ஏதாவது மரியாதை செய்ய வேண்டாமா?

ஜனவரி 22, வியாழன்

புது எத்தனால் வந்தது. வழக்கமான கடையில் உரிமத் தாளில் ஏதோ சிக்கலாம், இது வேறு கடை. பழுப்புப் பாட்டில், லேபிள் கோணல், மூடியில் சீல் இல்லை, டேப் சுற்றியிருந்தது. திறந்து மோந்தேன். இந்த மூக்கு, அடுத்த ஊரில் எவன் வீட்டில் உப்புக் குறைந்தாலும் இங்கிருந்தே சொல்லிவிடும். "முதல் தரம்" என்று எழுதி வாங்கிவைத்தேன்.

ஜனவரி 31, சனி

ஜூன் மாதம் புதிதாக வந்த செண்பகவல்லி டீச்சர் ஒரு ஆபத்தான பெண். எதைச் சொன்னாலும் "எப்படி?" என்று கேட்பார்.

"அண்ணாச்சி, திங்கக்கிழமை பதினொண்ணாம் வகுப்புக்கு எரிதல் வெப்பம் செஞ்சு காட்டணும். இன்னைக்கு ஒரு தடவ நீங்க ஓட்டிப் பாத்து பதிவேட்டுல எழுதி வச்சிருங்க."

ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. பால் பவுடர் டப்பாவில் இருநூறு கிராம் தண்ணீர். அடியில் சாராய விளக்கு. தண்ணீரின் சூடு இருபது டிகிரி ஏறியதும் விளக்கை அணைக்க வேண்டும். எரியும் முன்பும் பின்பும் விளக்கைத் தராசில் வைத்தால் எத்தனை கிராம் எரிந்தது என்று தெரியும். இருநூறை 4.18ஆல் பெருக்கி, மறுபடி இருபதால் பெருக்கினால் தண்ணீர் வாங்கிய வெப்பம், 16,720 ஜூல். அதை எரிந்த கிராமால் வகுத்தால் கணக்கு முடிந்தது. ஒரு கிராம் எத்தனாலுக்குப் புத்தகம் 29.7 கிலோ ஜூல் என்கிறது. நம் டப்பாவுக்குக் கிடைப்பது 16.7தான். மிச்சம் காற்றுக்கும் முக்காலிக்கும் என் மீசைக்கும் போய்விடும். நூற்றுக்கு ஐம்பத்தாறு. வருடா வருடம் அதே டப்பா, அதே விளக்கு, எரிவது அதே ஒரு கிராம். சூரியன் கிழக்கே உதிப்பதைக்கூட நான் சந்தேகப்பட்டதுண்டு, இந்த ஒரு கிராமைச் சந்தேகப்பட்டதில்லை.

இன்று தராசுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. 1.31 என்றது. விளக்கை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். 1.31. மண்டையில் ஒரு தட்டுத் தட்டினேன். 1.31. சுடர் வேறு கண்ணுக்கே தெரியவில்லை, எரிகிறதா என்று கையை வைத்துச் சுட்டுக்கொண்டேன். எப்போதும் கரி பிடிக்கிற டப்பாவின் அடி, பேச்சி தேய்த்த பாத்திரம் மாதிரி பளபளத்தது.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பஸ். தராசோடு மல்லுக்கட்ட நேரமில்லை. பதிவேட்டில் 1.00 என்று எழுதினேன். கணக்கைப் புத்தகத்துக்கு ஒட்டவைப்பது எங்கள் தொழிலில் பெருங்கலை. செய்முறைத் தேர்வில் நான் கண்ணசைவாலேயே எத்தனையோ பேரைத் தேற்றிவிட்டிருக்கிறேன். அதில் பாதிப் பேர் இன்று டாக்டர்கள்.

ஆவியாதல் வேலையையும் முடித்துக்கொண்டு கிளம்பினேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

அயிரை மீன் குழம்பு. இசக்கி வரும்போதே கடைப் பிராந்தியில் ஒரு குவார்ட்டர் உள்ளே போயிருந்தது.

"அத்தான், இன்னைக்கு என்ன புளுகு?"

"புளுகாம்ல! ஏல, நம்ம கந்தக அமிலத் தொட்டிக்குள்ள ஒரு முதலை..."

"முதலை எங்கயும் போவாது. மொதல்ல தொண்டைய நனைக்கணும்லா."

சோடா பாட்டிலை எடுத்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்புப் போட்டு, தண்ணீர் கலந்தேன்.

"என்ன அத்தான், வாடை லேசா இருக்கு? எப்பவும் உள்ளதுதானா?"

"புதுப் பாட்டில். இதைவிடச் சுத்தமான சரக்கு தேவலோகத்துலயும் கெடையாது மாப்ள. நானே சோதிச்சு எழுதி வச்சிருக்கேன்."

"நீரு சொன்னாச் சரிதான்."

குடித்தான். முதலையை நான் பாதி கொன்றிருக்கும்போது, "ஏறவே மாட்டேங்கே" என்றான். இன்னும் கொஞ்சம். (நான் ஊற்றவில்லை. அவனாக எடுத்துக்கொண்டான்.)

பாதி முதலைக் கதைக்கே அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பிப்ரவரி 2, திங்கள், காலை

இசக்கி போன் செய்தான். தலைவலியாம், இரண்டு தடவை வாந்தியாம். "அத்தான், தெருவெல்லாம் பனி கொட்டிக் கெடக்கு" என்றான். வெளியே வெயில் பளீரென்று அடிக்கிறது. என்னிடம் கதை கேட்டுக் கேட்டுப் பயலும் தேறிவிட்டான்.

பிப்ரவரி 2, சாயங்காலம், திருநெல்வேலி, ஆஸ்பத்திரி வராண்டா

 நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினொன்றரை மணிக்கு வகுப்பு. டீச்சரே விளக்கைப் பற்றவைத்தார், டீச்சரே நிறுத்தார். 1.30. முகத்தைச் சுருக்கினார். "காத்து டீச்சர்" என்று சொல்லிச் சன்னலைச் சாத்தினேன். மறுபடி செய்தார். 1.31. தராசு மேல் பழி போட்டேன். இயற்பியல் ஆய்வகத்திலிருந்து வேறு தராசு வந்தது. 1.31.

டீச்சர் பிள்ளைகளைப் பார்த்துப் பேசவில்லை, கரும்பலகையைப் பார்த்துப் பேசினார். "கிராமுக்குப் பன்னிரண்டு புள்ளி எட்டுதான் வருது. எத்தனால்னா நூத்துக்கு நாப்பத்து மூணு. இந்த டப்பாவுல எப்பவும் ஐம்பத்தாறு வரும். திடீர்னு டப்பா ஏன் மாறணும்? டப்பா மாறலைன்னு வச்சுக்குவோம். அப்ப எது மாறியிருக்கும்?" மெத்தனால் என்று எழுதி, பக்கத்தில் 22.7 என்று எழுதினார். பன்னிரண்டு புள்ளி எட்டை அதால் வகுத்தார். நூற்றுக்கு ஐம்பத்தாறு.

சாக்பீஸைக் கீழே வைத்தார். "பிள்ளைங்களா, எல்லாரும் வெளிய போங்க. விளக்கைத் தொடாதீங்க."

பிறகு என்னிடம் திரும்பினார். "அண்ணாச்சி, இது எத்தனால் இல்ல. விஷம். ஆனா சனிக்கிழமை நீங்க ஓட்டினப்ப சரியா ஒரு கிராம் வந்திருக்கே. அப்ப பாட்டில் சனிக்கிழமை நல்லாத்தான் இருந்திருக்கு. அதுக்கப்புறம் யாரோ மாத்தியிருக்காங்க."

எவ்வளவு இதமான பேச்சு! சனிக்கிழமை நல்ல சரக்கு. நான் எடுத்தது சனிக்கிழமை. அப்படியானால் இசக்கிக்கு ஒன்றும் இல்லை. என் கையால் நானே எழுதிய ஒரு கிராமை நானே நம்பப் பார்த்தேன். அரை நிமிடம் நம்பவும் செய்தேன். அந்த அரை நிமிடம் வேர்வைகூட வரவில்லை.

அப்புறம் அந்தப் பனி ஞாபகம் வந்தது.

"டீச்சர்... கண்ணுக்கு வெளிய பனி விழுந்த மாதிரி தெரிஞ்சா என்ன?"

அவர் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "யாரு குடிச்சா?" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. 108க்குப் போன் போட்டார்.

இசக்கியின் வீடு பள்ளிக்குப் பின்தெரு. நான் ஓடினேன். எப்படி ஓடினேன் என்று அளந்துவிட இப்போது தெம்பில்லை. பேச்சி ஏற்கெனவே தம்பிக்கு ரசம் கொண்டுவந்திருந்தாள். அவன் சுவரோரமாகப் பாயில் கிடந்தான்.

"எந்திரி மாப்ள. நேத்து குடிச்சது விஷம். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

அவன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். "நேத்து முதலை, இன்னைக்குப் பாம்பா?"

"சத்தியமாச் சொல்லுதேன்ல!"

"போன பொங்கலுக்கும் சத்தியம் பண்ணீரு. பாயசத்துல பாதரசம்னு. நாலு பேரு வாந்தி எடுத்தாவ."

பேச்சி கரண்டியோடு வந்தாள். "ஏங்க, அவனே தலைவலில கெடக்கான். இங்கயும் உங்க வெளையாட்டா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடமாக வராத முதலையை வரவைத்தவன், ஓடாத சோடியத்தை ஓடவைத்தவன், ஒரே ஒரு உண்மையைச் சொல்ல வழியில்லாமல் நின்றேன்.  அவன் முகத்துக்கு நேராக நான்கு விரலைக் காட்டினேன்.

"எத்தன?" என்று மட்டும் கேட்டேன்.

இசக்கி கண்ணைத் திறந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். விரல் இருந்த இடத்தை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் பார்த்தான்.

"கைய எங்க வச்சிருக்கீரு அத்தான்?"

பேச்சி என்னைப் பார்த்தாள். என் வாயைத்தான் பார்த்தாள். "டேய், எந்திரிடா" என்றாள். கரண்டியைக் கீழே போட்டாள். "இந்த மனுசன் பேச்சத்து நின்னு நான் பாத்ததே இல்ல. எந்திரி!"

ஆம்புலன்ஸில் டீச்சரும் ஏறினார், கையில் பாட்டிலும் பதிவேடும். இங்கே வந்ததும் இளவயது டாக்டர் ஒருவர், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். டீச்சர் கணக்கைச் சொன்னார். டாக்டர் பதிவேட்டைப் பார்த்தார்.

"இவர் குடிச்சது சனிக்கிழமை எடுத்தது. சனிக்கிழமை ரீடிங் சரியா இருக்கு. இன்னைக்குத்தான் தப்பா இருக்கு. பிராந்தியும் குடிச்சிருக்கார். ரத்த ரிசல்ட் வர நேரமாகும். இவர் குடிச்சது எதுன்னு இப்பவே தெரிஞ்சா உடனே ஆரம்பிச்சிருவேன். யாருக்காவது நிச்சயமாத் தெரியுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேச்சியும்.

நான் சாப்பாட்டுப் பையிலிருந்து இந்த டைரியை எடுத்து, ஜனவரி 31ஐத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் படித்தார். மேலே சூரியன், கீழே தராசுக்குக் கிறுக்கு, என் கண்ணசைவில் தேறிய டாக்டர்கள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இதுல எதை நம்பச் சொல்றீங்க?"

"அந்த நம்பரை மட்டும் நம்புங்க சார். பதிவேட்டுல உள்ள ஒரு கிராம் பொய். நான் எழுதுனது."

டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் ஓடினார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

எழுத எதுவும் இல்லை. இசக்கி இருக்கும் அறையின் கதவு மூடியே இருக்கிறது. பேச்சி என் பக்கத்துப் பெஞ்சில் உட்காரவில்லை.

பிப்ரவரி 4, புதன்

இதையும் ஒருத்தரும் நம்பப்போவதில்லை. இசக்கிக்கு மருந்தாக டாக்டர்கள் கொடுப்பது எத்தனால். சுத்தமான எத்தனால், அளந்து, குழாய் வழியாக. நல்ல சாராயம் ஈரலில் இடம் பிடித்துக்கொண்டால் கெட்டதற்கு அங்கே வேலை கிடைக்காதாம், அது விஷமாக மாறாமல் நிற்குமாம். பிறகு இயந்திரம் வைத்து ரத்தத்தைக் கழுவி அதை வெளியே எடுக்கிறார்கள். அன்று அவன் முன்னாலேயே போட்டுக்கொண்டு வந்த கடைப் பிராந்திதான் ஒரு ராத்திரி முழுக்க அவனைக் காப்பாற்றி வைத்திருந்ததாம்.

என்னை நம்பிக் குடித்ததிலிருந்து அவனைக் காப்பாற்றியது, என்னை நம்பாமல் முன்கூட்டியே குடித்தது. இதை எழுதும்போது சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

சாயங்காலம் கண் விழித்தான். "லைட்டைப் போடுங்க" என்றான். லைட் எரிந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

பேச்சிக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். என் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

பள்ளியிலிருந்து தாள் வந்துவிட்டது. தற்காலிகப் பணிநீக்கம். நியாயம்தான். ஆய்வகச் சாவியைக் கொடுக்கப் போனேன். பாட்டில் அனுப்பிய அந்தக் கடை மேல் செண்பகவல்லி டீச்சர் புகார் எழுதிக்கொண்டிருந்தார். பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

"திருத்திட்டுப் போங்க அண்ணாச்சி."

1.00ஐ அடித்தேன். மேலே சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தாறு வருடத்தில் என் கையெழுத்து இவ்வளவு சின்னதாக விழுந்ததில்லை.

வெளியே வரும்போது அவர் கேட்டார்: "இதுக்கு முன்னாடி எத்தன வருஷம் ஒரு கிராம்னு எழுதியிருக்கீங்க?"

"எல்லா வருஷமும்."

"அதுல எத்தன நிஜம்?"

"எல்லாமே நிஜம் டீச்சர். அதனாலதான் இந்த வருஷமும் எழுதினேன்."

பிப்ரவரி 9, திங்கள்

இன்று டாக்டர் இசக்கியிடம் பேனாவைக் காட்டினார். "பேனா" என்றான். என்ன நிறம் என்று கேட்டதற்கு, "நடுவுல தெரியல, ஓரத்துல நீலம்" என்றான். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

இசக்கி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அவனாகத்தான் நடந்து வந்தான், ஆனால் வாசற்படியைக் காலால் தடவிப் பார்த்து ஏறினான். வலது கண் பரவாயில்லை. இடது கண்ணில் நடுவாந்திரத்தில் ஒரு புகை இன்னும் கலையவில்லை. கலையலாம், கலையாமலும் போகலாம், ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும் என்கிறார்கள். அதுவரை ஆட்டோச் சாவி பேச்சியிடம், மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால்.

சோறு போட்டாள்.  குழம்பு முடிந்ததும் அவனே கேட்டான்:

"அத்தான், அந்த முதலை கடைசில என்னாச்சு? பாதியில நின்னு போச்சுல்லா."

"முதலை கெடையாது மாப்ள."

"அது தெரியும்வே. என்னாச்சுன்னுதான் கேட்டேன்."

 எழுந்து போய், டம்ளரில் மோர் ஊற்றி, உப்புப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவன் வாங்கினான். வாய்க்குக் கொண்டுபோனான். அப்புறம் நிறுத்தி, மூக்குக்குக் கீழே பிடித்து, மோந்து பார்த்தான். ஒரு தடவை. பிறகு டம்ளரைப் பேச்சி பக்கம் நீட்டி, "மோர்தானக்கா?" என்று கேட்டான்.

"மோர்தான்டா" என்றாள்.

குடித்தான்.

அவன் போன பிறகு இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். ஆரியங்காவுக்கு ஓடிய சோடியம் தொட்டியிலேயே வெடித்து அணைந்தது, நான் மேசைக்கு அடியில் ஒளிந்திருந்தேன். என் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. பிப்ரவரி ஒன்றாம் தேதிப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம். இரண்டாவது தடவையும் நான்தான் ஊற்றினேன், அவன் போதும் என்று கையை மறித்த பிறகு. முதலையை அவன் கடைசி வரை கேட்க வேண்டும் என்று.

சனிக்கிழமைப் பக்கத்தில் ஒரு சின்ன எண் இருக்கிறது. அது மட்டும் நிஜம். தராசு அதை மூன்று தடவை சொன்னது. நான் பார்த்தேன்.